மலையகத்தில் ஜிம்முக்குச் சேருமுன்: உடற்தகுதிப் பரிசோதனை, செலவு, இலக்கு

பணம் கட்டியாச்சு, சப்பாத்து வாங்கியாச்சு, ட்ராக் பொட்டமும் வாங்கியாச்சு. முதல் நாள் போய் நின்றால், "பிரஷர் கூட இருக்கு, டாக்டர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். கடிதம் கேட்டதில் தப்பே இல்லை, ஆனால் அதைப் பணம் வாங்குமுன் கேட்டிருக்கலாம். டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்க, லேப்புக்கு அலைய, ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க, மறுபடி டாக்டரைப் பார்க்க என்று மாதத்தில் பாதி ஓடிவிட்டது. காசைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். அந்த ஜிம் எதுவென்று சொல்லப்போவதில்லை. பல டவுன்களில் இதுதான் நடைமுறை.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று எங்கே இருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் இலவச சுகாதாரப் பரிசோதனை, அப்புறம் ஜிம்மில் உடற்தகுதிப் பரிசோதனை, அதற்குப் பிறகு காசு, பிறகு இலக்கு.

"மலை ஏறி இறங்குற நமக்கு எதுக்கு ஜிம்?" என்று வீட்டில் கேட்பார்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் நெஞ்சும் காலும் உறுதிதான். ஆனால் அதே வேலை இடுப்பையும் முழங்காலையும் ஒரே மாதிரி வருத்திக்கொண்டே இருக்கும், முக்கியமாக இறக்கத்தில். நாமோ கடை, பாடசாலை, வங்கி, கார்மென்ட் என்று உட்கார்ந்த வேலைக்கு வந்துவிட்டோம். சாப்பாடு மட்டும் மலைக்குப் போய் வந்தவர்களின் சாப்பாடாகவே இருக்கிறது. அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்காமல் வேலையை ஆரம்பிக்கலாம்.

1. முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, பிரதேச வைத்தியசாலைகளிலும் நடக்கிறது. 35 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள், எந்த வருத்தமும் இல்லாவிட்டாலும் போகலாம். அதற்குக் குறைந்த வயதுக்காரர்கள் எடை கூடியவர்களாகவோ, புகைப்பவர்களாகவோ, வீட்டில் சீனி வருத்தம், இதய நோய் உள்ளவர்களாகவோ இருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அங்கே உயரம், எடை, பிரஷர், வெறும் வயிற்றில் சீனி, கொலஸ்ட்ரோல் பார்ப்பார்கள். இவற்றோடு வயது, புகைக்கும் பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த 10 வருடத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு அட்டவணையில் பார்த்துச் சொல்வார்கள். உங்களுக்குச் செலவு பஸ் காசு மட்டும். இதையே தனியார் லேப்பில் செய்தால் ஆயிரங்களில் போகும்.

கவனிக்க வேண்டியது நாளும் நேரமும். இந்தப் பிரிவு எல்லா இடத்திலும் எல்லா நாளும் திறந்திருக்காது. முதல் நாளே ஆஸ்பத்திரி ஓபிடியில் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்கலாம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் போய் நிற்காதீர்கள். முந்தின இரவு சாப்பிட்ட பிறகு 8 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. விடிந்ததும் குடிக்கும் தேத்தண்ணியும் கணக்கில் சேரும், "பிளேன்டீ தானே" என்று குடித்துவிட்டுப் போனால் சீனி அளவு தப்பாகத்தான் வரும். இரண்டு ரொட்டியைச் சுற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்த கையோடு சாப்பிடலாம்.

வெறும் வயிற்றுச் சீனி டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் சரி. 100 முதல் 125 வரை எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். 126ஐத் தொட்டால் டாக்டர் மறுபடி பார்த்து உறுதி செய்வார். பிரஷர் 140/90ஐத் தொட்டாலும் அப்படித்தான். இதில் எது வந்தாலும் உடற்பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை, எப்படித் தொடங்குவது என்பதுதான் மாறும்.

பெண்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: ஹீமோகுளோபின். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழ் போனால் ரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குகிறது, சோர்வாக இருக்கிறது என்று ஜிம்முக்கு வருகிறவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது ட்ரெட்மில் இல்லை, இரும்புச்சத்துத்தான். சாப்பாட்டோடு சாப்பாடாகத் தேத்தண்ணி குடிப்பதும் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

முடிந்தால் அங்கேயே டாக்டரிடம், "ஜிம்மில் சேரப் போகிறேன், என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று இரண்டு வரி எழுதித் தாங்க" என்று கேளுங்கள். கூட்டம் அதிகமாக இருந்து முடியாமல் போனால், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் இதே ரிப்போர்ட்டுகளைக் காட்டி எழுதி வாங்கலாம். கடிதத்தில் தேதியும் முத்திரையும் இருக்க வேண்டும்.

2. ஒரு கோப்பில் போட வேண்டியவை

தேசிய அடையாள அட்டையும் அதன் போட்டோகொப்பி ஒன்றும். ஆஸ்பத்திரியில் தந்த பதிவு அட்டை, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள். கிளினிக் போகிறவர் என்றால் கிளினிக் கொப்பி. எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும் ஒரு துண்டில், இல்லாவிட்டால் மருந்து அட்டையையே எடுத்துப் போங்கள். டாக்டர் கடிதம். எப்போதாவது எலும்பு முறிந்திருந்தால், ஒப்பரேஷன் செய்திருந்தால் அந்தச் சீட்டு. 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம். சில இடங்களில் பாஸ்போர்ட் அளவுப் படம் கேட்பார்கள்.

மூலப் பிரதி எதையும் ஜிம்மில் விட்டுவிட்டு வராதீர்கள், போட்டோகொப்பி போதும்.

3. ஜிம்மைப் பார்க்கப் போகும் நாளில் பர்ஸைத் திறக்காதீர்கள்

பின்னேரம் 5 மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். கூட்டமான நேரத்தில்தான் உண்மை தெரியும்: எத்தனை பேருக்கு ஒரு மாஸ்டர், மெஷினுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், காற்றோட்டம் எப்படி. நம் டவுன்களில் ஜிம் பெரும்பாலும் ஏதாவது கடைக்கு மேல் இரண்டாம் மூன்றாம் மாடியில் இருக்கும். மழைக்காலத்தில் ஜன்னலை அடைத்துவிட்டால் உள்ளே மூச்சுவிட முடியாத இடங்களும் உண்டு.

கேட்க வேண்டியவை இவைதான்.

சேர்வுக் கட்டணம் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு, பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா? என் ரசீதில் சேர்வுக்கு 2,000, மாதத்துக்கு 3,500, 'அசெஸ்மென்ட்' என்று தனியாக 1,500 ரூபாய் இருந்தது. மாதக் கட்டணம் மட்டுமே தோட்டத்தில் இரண்டு மூன்று நாள் பேர், அதாவது நாட்கூலி. வீட்டில் கணக்குக் கேட்கத்தான் செய்வார்கள், அதனால் மொத்தத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள். டவுனுக்கு டவுன் தொகை மாறும், ஆனால் இந்த மூன்று தலைப்பும் எங்கேயும் இருக்கும்.

மறுபரிசோதனைக்கும் அதே காசா? பலர் இதைக் கேட்பதில்லை. முதல் தடவை இலவசம் என்பார்கள், மூன்று மாதம் கழித்து முழுக் கட்டணம் வாங்குவார்கள். முதல் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இடையில் காய்ச்சல் வந்தாலோ ஊரில் மரணம், திருவிழா என்று வர முடியாமல் போனாலோ நாட்களைத் தள்ளிப்போட முடியுமா? வருடக் கட்டணத்தில் பெரிய தள்ளுபடி காட்டுவார்கள். முதல் மாதத்திலேயே வருடத்துக்குக் கட்டாதீர்கள், தொடர்ந்து வருவீர்களா என்று உங்களுக்கே தெரியாத நேரம் அது.

யார் அளப்பார்கள்? அவருக்கு என்ன சான்றிதழ் இருக்கிறது, முதலுதவியும் சிபிஆரும் (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திக் காப்பாற்றும் முறை) தெரியுமா? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் மாஸ்டரிடம் சேர வேண்டாம். நல்லவர்கள் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள்.

பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, அளப்பது பெண்ணா? பல இடங்களில் பெண்கள் நேரம் காலையிலோ நடுப்பகலிலோதான். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது. பெண் பயிற்சியாளர் இல்லையென்றால் இடுப்பு, நெஞ்சு அளவுகளை நீங்களே வீட்டில் டேப்பால் எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் மறுக்க முடியாது. 'முன்–பின்' படம் எடுக்க வேண்டும் என்றால், அது எங்கே போகும் என்று கேளுங்கள். ஜிம்மின் பேஸ்புக் பக்கத்தில் உங்கள் வயிறு வருவதற்கு நீங்கள் சம்மதம் கொடுத்தீர்களா என்பது படிவத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். வேண்டாம் என்றால் அந்த வரியை வெட்டிக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசியாக, பஸ். வீட்டுப் பக்கம் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் உங்கள் ஜிம் நேரத்தைத் தீர்மானிக்கும். பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவில் போனால் ஒரு வாரத்து ஆட்டோ காசு மாதக் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

4. பரிசோதனை நாளுக்கு எப்படித் தயாராவது

முந்தின நாள் கடுமையான வேலையோ பயிற்சியோ வேண்டாம். குடிக்கிறவர்கள் அன்று இரவு குடிக்காமல் இருங்கள். நன்றாகத் தூங்குங்கள். அளப்பதற்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு முன் லேசாகச் சாப்பிட்டு முடியுங்கள், தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் அதற்குள் வேண்டாம். தண்ணீர் வழக்கம்போலக் குடிக்கலாம். தடிமன், காய்ச்சல் என்றால் நாளை மாற்றுங்கள்.

மலைநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து மேட்டில் ஏறி, மூன்று மாடிப் படியும் ஏறி, மூச்சு வாங்க நிற்கிறவரின் கையில் உடனே பிரஷர் பட்டியைக் கட்டினால் அது உயர்ந்துதான் காட்டும். குளிரிலும் பிரஷர் சற்றுக் கூடும். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி இறுக்கிவிட்டு அதற்கு மேல் பட்டி கட்டக்கூடாது, கழற்றிவிடுங்கள். இரண்டு தடவை எடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் 140/90க்கு மேல் என்றால் அன்றைக்கு மற்றச் சோதனைகளைச் செய்யாமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நாடியும் ஒக்சிஜனும் பார்க்க விரலில் மாட்டும் சின்ன மெஷினும் இப்படித்தான். நுவரெலியாக் குளிரில் விறைத்த விரலில் மாட்டினால் கண்டபடி காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள்.

5. என்னென்ன அளப்பார்கள், எதை நம்பலாம்

முதலில் ஒரு கேள்வித்தாள். பார்-கியூ என்பார்கள், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும் ஏழு கேள்விகள்: இதய நோயோ உயர் பிரஷரோ இருக்கிறதா, நெஞ்சு வலி வருகிறதா, கடந்த 12 மாதத்தில் தலைசுற்றி விழுந்தீர்களா, வேறு நாட்பட்ட நோய் உண்டா, மருந்து எடுக்கிறீர்களா, மூட்டு எலும்புப் பிரச்சினை உண்டா, மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே பயிற்சி செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா. பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோதான் தாள் இருக்கும். புரியாமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடாதீர்கள், வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். கேள்வித்தாளே தராமல் நேராக ட்ரெட்மில்லில் ஏற்றும் இடமென்றால் வெளியே வந்துவிடலாம்.

அடுத்து உயரமும் எடையும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. 70 கிலோ, 1.65 மீற்றர் என்றால் 25.7. சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் 25 வரை பச்சையாக இருக்கும். அது எல்லோருக்குமான பொதுக் கணக்கு. ஆசியர்களுக்கு 23இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5இலிருந்து அது அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆள் மெலிந்திருந்தாலும் வயிறு மட்டும் முன்னுக்கு இருக்கும் உடம்பு நம்மில் அதிகம்.

அதனால் எனக்கு எடையைவிட இடுப்புச் சுற்றளவுதான் முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. சில இடங்களில் தொப்புள் மட்டத்தில் அளப்பார்கள். பரவாயில்லை, ஆனால் எங்கே அளந்தார்கள் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள், அடுத்த தடவையும் அங்கேயே அளக்க வேண்டும்.

காலை வைத்துக் கையால் பிடித்தால் கொழுப்பு, தசை, எலும்பு என்று எல்லாவற்றையும் சொல்லும் மெஷின் ஒன்று இருக்கும். மெல்லிய மின்சாரத்தை உடம்புக்குள் அனுப்பிக் கணக்குப் போடுகிறது அது. உடம்பில் உள்ள தண்ணீரை நம்பித்தான் அதன் கணக்கு ஓடுகிறது. தண்ணீர் குறைந்தால் கொழுப்பு கூடக் காட்டும், சாப்பிட்டுவிட்டோ பயிற்சி செய்துவிட்டோ ஏறினால் இன்னொரு கணக்கு சொல்லும். 'உடம்பின் வயது 52' என்று அது சொன்னதைக் கேட்டுக் கவலைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மெஷின், ஒரே நேரம், ஒரே நிலைமை என்றால் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க உதவும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் அதில் ஏறக்கூடாது.

இதயத்துக்கு ஸ்டெப் டெஸ்ட். ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரப் பலகையில் மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 24 தடவை, தாளத்துக்கு ஏற்ப. முடிந்ததும் உட்கார்ந்து ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுவார்கள். குறைவாக இருந்தால் நல்லது. இந்தச் சோதனையில் மட்டும் நம் ஆட்கள் மாஸ்டரை ஆச்சரியப்பட வைப்பார்கள். கொழும்பிலிருந்து வந்து நுவரெலியாவில் தங்கியிருப்பவர்கள் கவனிக்க: அது 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் மூச்சும் துடிப்பும் சற்றுக் கூடத்தான் இருக்கும், பழகச் சில நாள் கொடுங்கள். 500 மீற்றர் அளவில் இருக்கும் கண்டியில் எடுத்த அளவையும் நுவரெலியாவில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

பலத்துக்கு: 30 விநாடியில் கதிரையிலிருந்து எத்தனை தடவை கையூன்றாமல் எழும்ப முடிகிறது, எத்தனை புஷ்-அப், முழங்கையூன்றி உடம்பை நேராகப் பிடிக்கும் பிளாங்க் எவ்வளவு நேரம். புதியவர்களிடம் 'ஒரே தடவையில் அதிகபட்சம் எவ்வளவு தூக்குவாய்' என்று சோதிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் பெடியன்கள் பார்க்கிறார்கள் என்று தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பத்துத் தடவை ஒழுங்காகத் தூக்கக்கூடிய எடையைக் குறித்தால் போதும். வளைவுக்கு, உட்கார்ந்து காலை நீட்டிக் கையால் எட்டும் சோதனை. குளிரில் இறுகிய உடம்போடு அதைச் செய்ய விடாதீர்கள், பத்து நிமிடம் நடந்து சூடாக்கிய பிறகு செய்யுங்கள்.

இடையில் நெஞ்சை அழுத்தினாலோ கைக்கு வலி இறங்கினாலோ தலை சுற்றினாலோ அப்படியே நிறுத்துங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மலைப் பாதையில் அது வந்து சேர நேரம் எடுக்கும், அதனால் 'கொஞ்சம் பார்ப்போம்' என்று காத்திருக்காமல் முதலிலேயே கூப்பிடுங்கள்.

6. தாளைக் கையில் வாங்குங்கள்

அளவுகளைத் தங்கள் கணினியிலோ கொப்பியிலோ எழுதிவிட்டு உங்களுக்கு ஒன்றும் தராத ஜிம்கள் உண்டு. அவை உங்கள் உடம்பின் அளவுகள், அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். முடியாதென்றால் போனில் படம் எடுங்கள். தேதி, நேரம், எந்த மெஷின், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது என்று கீழே நீங்களே எழுதுங்கள்.

அந்த இடத்திலேயே புரோட்டீன் டின் ஒன்றை மேசையில் வைப்பார்கள். அன்றைக்கு வாங்காதீர்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு, கடலை, நெத்தலி, சோயா எல்லாம் வீட்டில் உள்ளவைதான். கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று எதையாவது காட்டினால் அந்த ஜிம்மையே யோசியுங்கள்.

7. இலக்கு: மூன்று போதும்

'மூன்று மாதத்தில் 15 கிலோ' என்று பெயர்ப்பலகையில் போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே அது 5 வீதம், பிரஷரிலும் சீனியிலும் மாற்றம் தெரியத் தொடங்கும்.

நான் சொல்வது மூன்று இலக்கு. உடம்பில் ஒரு அளவு, உடம்பால் செய்யக்கூடிய ஒரு வேலை, தினசரிப் பழக்கம் ஒன்று. மூன்றுக்கும் தேதி.

அளவு என்றால் இடுப்புச் சுற்றளவை எடுங்கள். 96 சென்ரிமீற்றரில் இருக்கும் ஆண், மூன்று மாதத்தில் 92 என்று எழுதலாம். 90க்கு அடுத்த மூன்று மாதம்.

வேலை என்றால் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஏற்றத்தை எடுங்கள். பிரதான வீதியிலிருந்து லயத்துக்கு (தோட்டத்து வீட்டு வரிசைக்கு) ஏறும் படியை நிற்காமல் ஏறுவது. இரண்டு கையிலும் சாமான் பையோடு ஏறுவது. பெரிதாக வேண்டுமென்றால் சிவனொளிபாதமலை இருக்கிறது: 2,243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து சுமார் 5,500 படி. பருவகாலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாதம் வெசாக் போயாவோடு முடியும் என்பதால் தேதி தானாகவே கிடைத்துவிடுகிறது. ஏறுவதற்கு நெஞ்சு பழக வேண்டும், இறங்குவதற்குத் தொடை. மறுநாள் நடக்க முடியாமல் செய்வது இறக்கம்தான். அதனால் மூன்று மாதம் முன்பே, பலகையிலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சியையும் அட்டவணையில் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தை மாஸ்டரிடம் சொல்லிவிட்டால், எல்லோருக்கும் ஒரே மாதிரித் தரும் 'நெஞ்சு நாள், கை நாள்' அட்டவணை உங்களுக்கு வராது.

பழக்கம் என்றால், என்னைக் கேட்டால் சீனி. தேக்கரண்டி ஒன்றில் 4 கிராம். கப்புக்கு மூன்று கரண்டி, நாளைக்கு ஆறு கப் என்றால் 72 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குக் கீழ், முடிந்தால் 25க்குக் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் கொட்டி நக்கிக்கொண்டு சாயத் தண்ணி குடிக்கிறவர்கள் கரண்டியால் அளப்பதே இல்லை, அவர்கள் கணக்கு இன்னும் மேலே போகும். 72 கிராம் என்பது கிட்டத்தட்ட 290 கலோரி. அதை எரிக்க ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட வேகமாக நடக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால் நாக்கு பழகிவிடும். வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சீனி குறைத்துக் கொடுத்தால் என்ன பேசுவார்கள் என்பது வேறு பிரச்சினை.

பயிற்சியின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகத்தில் அசைவு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. ஜிம்முக்கு இரண்டு நாள் வந்துவிட்டு, மிச்சத்தை வேலைக்கு நடந்தோ, ஹட்டனில் என்றால் டன்பார் மைதானத்தைச் சுற்றியோ முடிக்கலாம். ஆறு நாளும் வருகிறேன் என்று எழுதாதீர்கள். தென்மேல் பருவ மழை பிடித்தால் ஜூன், ஜூலையில் இரண்டு நாளே பெரிய விஷயம். வேகத்தை அறிய கைக்கடிகாரம் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் நடுத்தர வேகம்.

8. மருந்து எடுப்பவர்களுக்கு

பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டெனோலோல், பிசோபிரோலோல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு, எவ்வளவு ஓடினாலும் நாடித் துடிப்பு அதிகம் ஏறாது. '220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித் துடிப்பு' என்ற கணக்கில் மாஸ்டர் விரட்டினால் ஆபத்து. மேலே சொன்ன பேச்சுக் கணக்குத்தான் உங்களுக்கு.

இன்சுலினோ, சீனியை நன்றாக இறக்கும் மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சிக்கு வராதீர்கள். சீனி 100க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பையில் நாலு டொபி இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, பசி பிடித்தால் உடனே வாயில் போடுங்கள், மாஸ்டருக்கும் சொல்லி வையுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு விடியற்காலைப் பனியும் குளிர்காற்றும் ஆகாது. பின்னேர நேரத்தை எடுங்கள், பம்ப் கையில் இருக்க வேண்டும். மருந்தை நிறுத்துவது, குறைப்பது எதையும் ஜிம்மில் தீர்மானிக்காதீர்கள். எடை குறைந்த பிறகு மருந்து குறையலாம், அது கிளினிக்கில் டாக்டர் சொல்ல வேண்டியது.

9. எதை எப்போது மறுபடி அளப்பது

எடை: வாரத்துக்கு ஒரு தடவை, அதே நாள் காலையில். தினமும் ஏறிப் பார்த்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கம்தான் தெரியும். இடுப்பு: மாதத்துக்கு ஒன்று. ஸ்டெப் டெஸ்ட், கதிரைச் சோதனை, புஷ்-அப்: எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில், அதே நேரத்தில், முடிந்தால் அதே ஆளிடம். கொழுப்பு மெஷினும் அதே நாளில் போதும்.

ரத்தத்தில் எச்பிஏ1சி பார்ப்பவர்கள் மூன்று மாதத்துக்கு முன் எடுத்துக் காசை வீணாக்க வேண்டாம். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அடுத்து எப்போது வர வேண்டும் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். ஜிம்மில் எல்லாம் நல்லபடியாகப் போனாலும் அந்தத் தேதியை விடாதீர்கள்.

முதல் மாதத்தில் எடை அசையாமல் நிற்பது சாதாரணம். பலம்தான் முதலில் கூடும், கதிரைச் சோதனையில் எண்ணிக்கை ஏறியிருக்கும். அதைப் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்து இரண்டாம் மாதக் கட்டணத்தைக் கட்டாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். மறுபரிசோதனை நாளை மாதக் கட்டணம் முடிவதற்கு ஒரு வாரம் முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மாதம் அதே ஜிம்மா, வேறு ஜிம்மா, இல்லை மைதானமே போதுமா என்று அந்தத் தாளை வைத்துத் தீர்மானிக்க நேரம் இருக்கும்.